சென்னையின் நகரத் திட்டமிடலும் நீர்நிலைகளும்

சென்னையின் நகரத் திட்டமிடல் என்பது தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையிலும் அதைச் சூழ்ந்த பெருநகர்ப் பகுதியிலும் குடியிருப்பு, சாலை, வடிகால், குடிநீர், பூங்கா, பள்ளி, சந்தை முதலிய சமூக உட்கட்டமைப்புகள் எங்கே, எவ்வாறு அமைய வேண்டும் என்பதை முடிவு செய்யும் பணியாகும். இப்பணி நகரின் தாங்குதிறனை, அதாவது வெள்ளம், வறட்சி, புயல் போன்ற இடர்களைத் தாங்கி மீண்டெழும் ஆற்றலை, நேரடியாகப் பாதிக்கிறது. சென்னையைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் இணைப்பவை ஏரிகளும் சதுப்பு நிலங்களும் ஆகும். 2015ஆம் ஆண்டில் வெள்ளத்தில் மூழ்கிய இந்நகரம் 2019ஆம் ஆண்டில் குடிநீருக்குத் தொடர்வண்டியை எதிர்பார்த்து நின்றது. நான்கு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு நிகழ்வுகளையும் மழையின் மிகுதி, குறைவு என்று மட்டும் விளக்கிவிட முடியாது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலமாக எடுக்கப்பட்டு வந்த நிலப் பயன்பாட்டு முடிவுகளுக்கும் இவற்றில் பங்குண்டு.

நில அமைப்பு

சென்னை கடலோரச் சமவெளியில் அமைந்த நகரம். இதன் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே உள்ளது. சரிவு மிகக் குறைவு என்பதால் மழைநீர் கடலை அடைய நெடுநேரம் ஆகும். ஆண்டின் சராசரி மழையளவு ஏறத்தாழ 1,400 மி.மீ. அதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதிலும் விரல்விட்டு எண்ணத்தக்க சில நாட்களில், பெய்துவிடுகிறது. ஆகவே இங்கு நீர் மேலாண்மை என்பது சில நாட்களில் கொட்டும் நீரை ஆண்டு முழுவதற்கும் தேக்கி வைப்பதே ஆகும்.

நகரின் வடக்கே கொசத்தலை ஆறும், நடுவே கூவமும், தெற்கே அடையாறும் கடலில் கலக்கின்றன. கடற்கரைக்கு இணையாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாய் இம்மூன்றையும் இணைக்கிறது. 1806இல் தொடங்கப்பட்ட இக்கால்வாய் 1876-78 பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக நகருக்குள் நீட்டிக்கப்பட்டது. 1870களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானத்துக்குப் பின்னர் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா கடற்கரை அகன்றது. அதே மணல்தான் கூவத்தின் முகத்துவாரத்தையும் அடைத்து வருகிறது. நகரம் பெருமையுடன் காட்டும் கடற்கரையும் முகம் சுளிக்கும் ஆறும் இவ்வகையில் உறவினர் எனலாம்.

ஆறுகளைவிட முதன்மையானவை ஏரிகள். பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம் என்றே அறியப்பட்டது. இங்குள்ள ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிறைந்ததும் உபரி நீர் கலங்கல் வழியே வழிந்து, வாய்க்கால் மூலம் கீழ் ஏரிக்குச் செல்லும். மதகு வழியே வயல்களுக்குப் பாசன நீர் செல்லும். பழவந்தாங்கல் போன்ற ஊர்ப் பெயர்களில் உள்ள 'தாங்கல்' என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். ஓர் ஏரி பாசனம், நிலத்தடி நீரூட்டம், வெள்ளத் தணிப்பு ஆகிய மூன்று பணிகளை ஒரே நேரத்தில் செய்கிறது. ஆனால் அரசு ஆவணங்களில் அதன் பயன் பெரும்பாலும் ஆயக்கட்டின் பரப்பாலேயே அளக்கப்பட்டது. நகரம் விரிந்து வயல்கள் வீட்டுமனைகளானதும் ஆயக்கட்டு மறைந்தது. ஆயக்கட்டு இல்லாத ஏரி திட்டமிடுவோரின் வரைபடத்தில் பயனற்ற வெற்று நிலமாகத் தோன்றத் தொடங்கியது. மற்ற இரு பணிகளுக்கும் கணக்கேட்டில் இடமில்லை. சென்னை ஏரிகள் பல மறைந்ததற்கு ஆக்கிரமிப்பாளர்களின் பேராசையைவிட இந்தக் கணக்கு முறையே பெரிய காரணம் என்று கருத இடமுண்டு.

தொடக்க காலத் திட்டமிடல்

இசுக்கொட்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெடிசு 1914-15 காலப்பகுதியில் சென்னைக்கு வந்து நகரமைப்புக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லாஞ்செசுடர் சென்னையின் நகரமைப்பைப் பற்றி எழுதிய நூல் 1918இல் வெளிவந்தது. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நெரிசல் மிக்க பழைய பகுதிகளிலிருந்து மக்களை வெளியே கொண்டுவந்து, காற்றோட்டமான புதிய குடியிருப்புகளை அமைப்பது அக்காலத்தின் முதன்மை நோக்கமாக இருந்தது.

இதன் முதற்பெரும் விளைவு மாம்பலம் குடியிருப்புத் திட்டம், அதாவது இன்றைய தியாகராய நகர். மவுண்ட் சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த நெடிய ஏரியின் நிலத்தில் 1920களில் இக்குடியிருப்பு உருவாக்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகள், ஆங்காங்கே விளையாட்டுத் திடல்கள் என அமைந்த இந்நகர் வடிவமைப்பில் இன்றும் பாராட்டத்தக்கது. ஏரியின் வடபகுதியில் எஞ்சியிருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. அதன் அருகிலுள்ள 'லேக் ஏரியா' என்னும் பெயர் மட்டுமே இப்போது ஏரியை நினைவூட்டுகிறது.

1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 5.3 லட்சம். சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஏரிகள் இருந்த காலத்தில் ஓர் ஏரியை இழப்பது பெரிய இழப்பாகத் தோன்றியிராது. எனினும் நீரின் வழி மாறவில்லை. வள்ளுவர் கோட்டப் பகுதியிலிருந்து தியாகராய நகர் வழியே நந்தனம் சென்று அடையாற்றில் கலக்கும் மாம்பலம் கால்வாயே அப்பகுதியின் முதன்மை வடிகாலாக எஞ்சியது. ஏரி தேக்கி வைத்து மெல்ல விடுவித்த நீரை, ஒரு குறுகிய கால்வாய் உடனுக்குடன் கடத்த வேண்டிய நிலை ஏற்பட்டது. 2021 நவம்பரில் தியாகராய நகரின் தெருக்கள் நாட்கணக்கில் நீரில் நின்றபோது இக்கால்வாய் மீண்டும் செய்திகளில் இடம்பெற்றது.

முழுமைத் திட்டங்கள்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் நிறைவேற்றப்பட்டது. அடுத்த ஆண்டே சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைக்கப்பட்டு, 1974இல் சட்டமுறைத் தகுதி பெற்றது. இதன் எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். முதல் முழுமைத் திட்டம் 1970களின் நடுவில் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

முழுமைத் திட்டம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பயன்பாட்டை (குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை முதலியன) வகுத்துரைக்கிறது. தளப்பரப்புக் குறியீடு ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை வரையறுக்கிறது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும், திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணற்பாங்கான நீரூட்டப் பகுதியிலும் கட்டுமானங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. மறைமலை நகர், மணலி புதுநகர் போன்ற துணை நகரங்களும், 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்ட மொத்த விற்பனைச் சந்தையும் இத்திட்டமிடலின் விளைவுகளே.

திட்டத்தின் வலிமை அதன் வரைபடத்தில் இல்லை. விதிவிலக்குகள் எவ்வளவு அரிதாக வழங்கப்படுகின்றன என்பதில் உள்ளது. வேளாண் நிலத்தைக் குடியிருப்பு நிலமாக மறுவகைப்படுத்தக் கோரும் விண்ணப்பங்கள் தனித்தனியே பரிசீலிக்கப்படுகின்றன. ஒவ்வொரு விண்ணப்பமும் சில ஏக்கர் மட்டுமே என்பதால் தனியாகப் பார்க்கையில் பாதிப்பு சிறியது. ஆனால் வரத்து வாய்க்கால் ஒன்றின் குறுக்கே ஒரேயொரு மனைப்பிரிவு அமைந்தாலும் மேலேயுள்ள ஏரி முழுவதன் உபரி நீரும் திசைமாறும். மேலும், அனுமதியின்றிக் கட்டப்பட்ட கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்தும் சட்டப்பிரிவு 1998இல் சேர்க்கப்பட்டது. இத்தகைய ஏற்பாடுகள் விதியைப் பின்பற்றியவரைவிட மீறியவருக்கே சாதகமானவை என்ற குறைகூறல் தொடர்ந்து எழுந்துள்ளது.

மனை மற்றும் வசதிகள் திட்டம்

உலக வங்கியின் கடனுதவியுடன் 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம் அதிகம் பேசப்படாத, ஆனால் கவனிக்கத்தக்க முயற்சியாகும். இதன்கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் 'மனை மற்றும் வசதிகள்' முறையில் குடியிருப்புகள் உருவாக்கப்பட்டன. அரசு முழு வீட்டைக் கட்டித் தரவில்லை. சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய், மின்சாரம், பள்ளி, கடைகளுக்கான இடம் ஆகியவற்றை அமைத்து, கழிப்பறை போன்ற அடிப்படை வசதியுடன் சிறு மனைகளை ஒதுக்கியது. மேற்கொண்டு கட்டுவது குடும்பத்தின் பொறுப்பு. பணம் சேரச் சேர ஓர் அறை, பின்னர் ஒரு மாடி என வீடு வளர்ந்தது. பெரிய மனைகளையும் வணிக மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, சிறு மனைகளின் விலை குறைக்கப்பட்டது. இதனால் பல வருவாய்ப் பிரிவினரும் ஒரே பகுதியில் குடியேறினர்.

தொடக்கத்தில் மனைகள் மெதுவாகவே நிரம்பியதால் இம்முறை தோல்வி எனக் கருதப்பட்டுக் கைவிடப்பட்டது. ஆனால் மும்பை, சென்னை ஆகிய நகரங்களின் இத்தகைய குடியிருப்புகளைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் பார்வையிட்ட ஆய்வாளர்கள், அவை உயிர்ப்புடனும் பல வருவாய்ப் பிரிவினர் கலந்தும் இருப்பதைக் கண்டனர். திட்டமிடுவோர் தெருவையும் குழாயையும் சரியாக அமைத்துவிட்டால் வீட்டை மக்களே பார்த்துக்கொள்வர் என்பதற்கு இது நல்ல சான்று. திட்டத்தின் மற்றொரு பகுதியாகக் குடிசைப் பகுதிகள் இருந்த இடத்திலேயே மேம்படுத்தப்பட்டு, குடியிருப்போருக்கு நில உரிமை வழங்கப்பட்டது.

மீள்குடியேற்றக் குடியிருப்புகள்

1970இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் (2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றப்பட்டது) முதலில் நகருக்குள், குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. நகருக்குள் நிலத்தின் விலை உயர்ந்தபின் நிலை மாறியது. 2000 முதல் கண்ணகி நகர், பின்னர் செம்மஞ்சேரி, 2010களில் பெரும்பாக்கம் எனப் பல்லாயிரம் வீடுகள் கொண்ட குடியிருப்புகள் நகரின் தெற்கு விளிம்பில் எழுந்தன. 2004 ஆழிப்பேரலையால் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் சில செம்மஞ்சேரியிலும், 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன.

இவ்விடங்கள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சூழ்ந்த தாழ்வான பகுதியில் உள்ளன. வெள்ள ஆபத்தைக் காரணம் காட்டி ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் மீண்டும் நீர் தேங்கும் நிலத்திலேயே குடியேற்றப்பட்டனர் என்பது இத்திட்டங்கள் மீதான மிகக் கடுமையான விமர்சனம். செம்மஞ்சேரியில் மழைக்காலத்தில் தரைத்தள வீடுகளுக்குள் நீர் புகுவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. வீட்டு வேலை, கட்டட வேலை, மீன் விற்பனை போன்ற தொழில்கள் பழைய குடியிருப்புக்கு அருகிலேயே இருந்தமையால், 20 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்ற குடும்பங்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், வேலையை இழந்தனர். கல்வியாண்டின் நடுவில் இடம்பெயர்ந்த குழந்தைகளின் படிப்பும் பாதிக்கப்பட்டது. இடர் வந்தபோது கடன் தரும் கடைக்காரர், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டார், ஊரறிந்த மருத்துவர் ஆகியோரும் தாங்குதிறனின் பகுதியே. இவர்களை வரைபடத்தில் குறிக்க இயலாது என்பதால் திட்டத்தில் இவர்களுக்கு மதிப்பு கிடைப்பதில்லை.

பள்ளிக்கரணை

தென்சென்னையின் ஏரிச் சங்கிலிகள் பல பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் முடிகின்றன. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் இங்கு வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. இயற்கை அமைத்துத் தந்த வெள்ளத் தடுப்பு ஏற்பாடாகிய இந்நிலம், வருவாய்த் துறைப் பதிவேடுகளில் நெடுங்காலம் தரிசு நிலமாகவே குறிக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. பெருங்குடியில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும், அரசு நிறுவனங்களும், சாலைகளும், வேளச்சேரி பறக்கும் தொடர்வண்டிப் பாதையின் ஒரு பகுதியும் சதுப்பு நிலத்திலும் அதன் விளிம்பிலும் அமைந்தன. கிழக்கே பழைய மாமல்லபுரம் சாலை, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான ஆறு வழித்தடச் சாலையாக 2000களில் அகலப்படுத்தப்பட்டது. சதுப்பின் மூலப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவே எஞ்சியதாக மதிப்பிடப்படுகிறது.

2007இல் 317 ஹெக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலமாகப் பட்டியலிடப்பட்டது. அண்மையிலுள்ள வேளச்சேரி ஏரி, முன்பு 200 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடன் இருந்து, ஏறத்தாழ 55 ஏக்கராகச் சுருங்கியுள்ளது. மழைக்காலத்தில் வேளச்சேரிவாசிகள் தங்கள் மகிழுந்துகளை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவைப்பது வழக்கமாகிவிட்டது. நகரத் திட்டமிடல் பற்றிய பொதுமக்களின் மதிப்பீடு என்றே இதைக் கொள்ளலாம்.

ஏரிகளில் அரசு வீட்டுவசதித் திட்டங்களே அமைந்ததும் உண்டு. முகப்பேர் போன்ற இடங்களில் 'ஏரித் திட்டம்' என்பது குடியிருப்பின் பெயராகவே நிலைத்துவிட்டது. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றுவது தொடர்பான உயர்நீதிமன்றத் தீர்ப்பு 2005இல் வெளிவந்ததைத் தொடர்ந்து, ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கான சட்டம் 2007இல் இயற்றப்பட்டது.

2015 வெள்ளம்

2015 நவம்பரில் பெய்த கனமழையால் ஏரிகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. திசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இரு கரைகளிலும் முதல் மாடி வரை நீர் ஏறியது. இரண்டாவது ஓடுதளம் அடையாற்றின் குறுக்கே பாலமாக அமைந்துள்ள சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடப்பட்டது. அவ்வாண்டுப் பருவமழையில் மாநிலம் முழுவதும் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பொது விவாதம் முழுவதும் செம்பரம்பாக்கத்தின் மதகுகளைச் சுற்றியே நடந்தது. 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையும் ஏரி நீர் மேலாண்மையைக் கடுமையாகக் குறைகூறி, இதனை மனிதரால் நேர்ந்த பேரிடர் எனக் குறிப்பிட்டது. எனினும் அடையாற்றில் ஓடிய நீரில் செம்பரம்பாக்கத்து நீர் ஒரு பகுதியே. ஆதனூர், முடிச்சூர், தாம்பரம் பக்கத்து ஏரிகளிலிருந்து எந்த மதகின் கட்டுப்பாடுமின்றி வந்த நீரும் அதில் உண்டு. முடிச்சூர், வரதராசபுரம் ஆகிய இடங்களில் ஆற்றின் வெள்ளச் சமவெளியிலேயே மனைப்பிரிவுகள் அமைந்திருந்தன. மதகை யார், எப்போது திறந்தார் என்ற கேள்விக்கு ஒருவரைப் பொறுப்பாக்கலாம். முப்பது ஆண்டுகளாக வழங்கப்பட்ட மனை அனுமதிகளுக்கு அவ்வாறு பொறுப்பாக்குவது எளிதன்று.

வெள்ளத்தின்போது அரசு இயந்திரத்துக்கு முன்பே மக்கள் செயல்பட்டனர். மீனவர்கள் தம் படகுகளை நகரத் தெருக்களுக்குக் கொண்டுவந்து பலரை மீட்டனர். தன்னார்வக் கணினியாளர்கள் திறந்த தெருவரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு, நீரில் மூழ்கிய தெருக்களைப் பொதுமக்களே குறிக்கும் இணைய வரைபடம் ஒன்றை உருவாக்கினர். எந்தத் தெரு எவ்வளவு மழையில் மூழ்கும் என்ற தகவல் அதுவரை பொதுவெளியில் கிடைக்கவில்லை. பின்னர் 2019இல் சென்னைக்கெனக் கடலோர வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பு ஒன்று நடைமுறைக்கு வந்தது.

குடிநீரும் மழைநீர் சேகரிப்பும்

பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளே சென்னையின் மரபான குடிநீர் ஆதாரங்கள். 1996 முதல் கிருட்டிணா ஆற்று நீரும், 2004 முதல் வீராணம் ஏரி நீரும் சேர்ந்தன. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் தொடங்கப்பட்டன.

2000களின் தொடக்கத்தில் ஏற்பட்ட கடும் வறட்சியை அடுத்து, 2003இல் ஜெ. ஜெயலலிதா தலைமையிலான அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மாடியில் விழும் நீர் குழாய் வழியே, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டும் தொட்டிக்குச் சென்று, அங்கிருந்து கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ செல்லும். செலவு குறைவு; தொழில்நுட்பம் எளிது. அடுத்து வந்த நல்ல மழையாண்டுகளில் நகரின் பல இடங்களில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான இடங்களில் பயன் விரைவாகத் தெரிந்தது. களிமண் நிலமும் பாறை நிலமும் உள்ள பகுதிகளில் குழியின் ஆழத்தையும் வகையையும் மாற்ற வேண்டியிருந்தும், பல இடங்களில் ஒரே மாதிரியான அமைப்பே வைக்கப்பட்டது. கட்டட அனுமதிக்காக மட்டும் அமைத்துப் பின்னர் தூர்வாராமல் விடப்பட்டவையும் ஏராளம்.

2019 கோடையில் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. உணவகங்கள் நேரத்தைக் குறைத்தன. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்து பணிபுரியச் சொல்லின. சூலை 12 முதல் சோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் தொடர்வண்டியில் நீர் கொண்டுவரப்பட்டது. குழாய் இணைப்பு இல்லாத புறநகர் அடுக்குமாடிகள் முழுவதும் தண்ணீர் லாரிகளை நம்பியிருந்தன. அந்த லாரிகள் நீர் எடுத்த கிணறுகளில் பல, எஞ்சியிருந்த வேளாண் கிராமங்களில் இருந்தவை.

வடிகால்கள்

சென்னையில் ஒரு சொட்டு மழைநீர் கூரையிலிருந்து கடலுக்குச் செல்லும் வழியில் பல துறைகளின் எல்லைகளைக் கடக்கிறது. தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியைச் சேர்ந்தது. கழிவுநீர்க் குழாய் சென்னைக் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. ஆறுகளும் ஏரிகளும் நீர்வளத்துறையிடம் உள்ளன. பெருஞ்சாலையோர வடிகால் நெடுஞ்சாலைத் துறையுடையது. இவற்றின் ஊடே எங்கே கட்டடம் வரலாம் என்று முடிவு செய்வது பெருநகர் வளர்ச்சிக் குழுமம். மாநகராட்சி தன் வடிகாலை அகலப்படுத்தினாலும், அது சென்று சேரும் கால்வாய் தூர்வாரப்படாமல் இருந்தால் நீர் திரும்பி வரும். பக்கிங்காம் கால்வாயின் மயிலாப்பூர், திருவான்மியூர்ப் பகுதிகளில், 1990களிலும் அதன் பின்னரும் கட்டப்பட்ட பறக்கும் தொடர்வண்டிப் பாதையின் தூண்களும் நிலையங்களும் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. நிலம் கையகப்படுத்தும் செலவு மிச்சமானது. கால்வாயின் அகலம் குறைந்தது.

2021 வெள்ளத்துக்குப் பின் ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப்பணி அலுவலர் வெ. திருப்புகழ் தலைமையில் வெள்ளத் தடுப்பு ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. அக்குழு 2023இல் இறுதி அறிக்கை அளித்தது. வடசென்னையின் கொசத்தலையாற்று வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடனும், தெற்கே கோவளம் வடிநிலத்தில் செருமானிய வங்கியின் உதவியுடனும் வடிகால் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் குடியிருப்புவாசிகள் இதனை எதிர்த்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. அங்குள்ள மணல் நிலம் மழைநீரைத் தானே உறிஞ்சிக் கொள்கிறது. அதன் அடியில் கான்கிரீட் வடிகால் அமைத்தால் நல்ல நீர் கடலுக்குப் போய், உப்புநீர் உட்புகும் என்பது அவர்களின் வாதம். நீரை விரைந்து வெளியேற்றுவதா, நிலத்துக்குள் இறக்குவதா என்பது பகுதிக்குப் பகுதி மாறும் கேள்வி. நகரம் முழுவதற்கும் ஒரே விடை பொருந்தாது.

2023 திசம்பரில் மிக்சாங் புயலின்போது நகரின் சில இடங்களில் இரண்டு நாட்களில் 40 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. புதிய வடிகால்கள் அமைந்த மையப் பகுதிகள் சிலவற்றில் நீர் முன்பைவிட விரைவாக வடிந்தது. பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம், முடிச்சூர் ஆகிய பகுதிகளில் பல நாட்கள் நின்றது. எண்ணூரில் வெள்ளநீரோடு எண்ணெய்க் கழிவு கலந்து பரவியதால் மீனவர்களின் படகுகளும் வலைகளும் பாழாயின.

அண்மைக்கால முயற்சிகள்

2011இல் அடையாறு உப்பங்கழிப் பகுதியில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. இடிபாடுகள் கொட்டப்பட்டுவந்த இடம் நீர்த்தாவரங்களுடன் மீட்கப்பட்டது. செம்பாக்கம் ஏரி, இந்தியத் தொழில்நுட்பக் கழகம் (சென்னை) மற்றும் தன்னார்வ அமைப்புகளின் துணையுடன் சீரமைக்கப்பட்டது. மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும் குளங்கள் வெட்டப்பட்டு, அவை 'ஸ்பாஞ்ச் பூங்கா' என அழைக்கப்படுகின்றன. 2024 செப்டம்பரில் கிண்டி குதிரைப்பந்தயத் திடலின் 160 ஏக்கர் நிலத்தை அரசு கையகப்படுத்தியதைத் தொடர்ந்து, வேளச்சேரிப் பக்கம் பாயும் நீரைத் தேக்க அங்கும் குளங்கள் வெட்டப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஏரியை மூடிப் பூங்கா அமைத்த நகரம் இப்போது பூங்காவுக்குள் குளம் தோண்டுகிறது.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, இராணிப்பேட்டை மாவட்டங்களின் பகுதிகள் இதில் அடங்கும். 2026 முதல் 2046 வரையிலான காலத்துக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தின் பணிகளும் தொடங்கப்பட்டன. புதிதாகச் சேர்ந்த பகுதியில் நூற்றுக்கணக்கான ஏரிகள் உள்ளன. அவற்றில் பலவற்றுக்கு ஆயக்கட்டும், பயிரிடும் உழவர்களும் இன்னும் இருக்கின்றனர். கலங்கல்களும் வரத்து வாய்க்கால்களும் பெரும்பாலும் தம் இடத்திலேயே உள்ளன.